திடீர்ப் பயணம் யாருக்கு உரியது?

திட்டமிட்ட பயணம் பயணமே ஆகாது என்றொரு கொள்கை அண்மைக் காலமாக நம் பல்கலைக்கழக இளைஞரிடையே வேகமாகப் பரவி வருகின்றது. வெள்ளிக்கிழமை மாலை விரிவுரை முடிந்ததும் எழுந்த எண்ணம் இரவுக்குள் சக்கரமேறிவிட வேண்டும். எங்கே தங்குவது, எவ்வழி செல்வது, எவ்வளவு செலவாகும் என்று கேட்பவன் உலகியல் பேசும் சிறுமனத்தான். கேட்காதவனே கலைஞன், சுதந்திரன், இளைஞன். இக்கொள்கையை மன்றக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் முழங்கியபோது எழுந்த கரவொலியில் என் கைகளும் கலந்திருந்தன என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அக்கரவொலியை மீளப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மறுப்பது பயணத்தை அன்று. மாணவர் ஊர் சுற்றுவது வீண் என்று சொல்லும் பெரியோர் கட்சியில் எனக்கு இடம் வேண்டாம். நூலகத்தில் கிடைக்காத கல்வி பேருந்தில் கிடைக்கின்றது என்பதை நான் அறிவேன். நான் மறுப்பது, திட்டமின்மையே சுதந்திரம் என்ற மயக்கத்தை. அம்மயக்கம் எங்களைப் பல்லேகமவில் கொண்டுபோய் நிறுத்திய கதையைச் சொன்ன பின்னர் வாதத்துக்கு வருகிறேன்.

ஓர் ஆவணி மாத வெள்ளிக்கிழமை. எண்மர் ஒரு பழைய வானில் பேராதனையிலிருந்து புறப்பட்டோம். இலக்கு பாசிக்குடாக் கடல். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று எல்லாரும் செல்லும் நெடுஞ்சாலை எங்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. 'வழி தானே சொல்லும்' என்பது அன்றைய சுலோகம். ஆகவே மாத்தளையில் வலப்புறம் திரும்பி, இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் கணவாயேறி, நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து, இலுக்கும்புர இறங்கி, லக்கலைப் பல்லேகம வழியாகக் கிழக்கே போவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்பதும் மிகை. ஒருவன் சொன்னான், எழுவர் சிரித்தோம், வான் திரும்பிற்று.

ரிவஸ்டனில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் பாதையில்லை. அழகுதான், அதை மறுக்கேன். ஆனால் மூடுபனியில் வான் நடைவேகத்தில் ஊர்ந்தது. இறக்கத்தில் தடுப்புகள் சூடேறி இருமுறை நிறுத்த நேர்ந்தது. பல்லேகமவை அடைந்தபோது இரவு ஒன்பது கடந்திருந்தது. எரிபொருள் மானியின் முள் அடியைத் தொட்டிருந்தது. இரவில் எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று எவரும் விசாரித்து வைத்திருக்கவில்லை. மேலே செல்லும் பாதையில் யானை நடமாட்டம் உண்டு, இரவில் போகாதீர்கள் என்று கடையொன்றைப் பூட்டிக்கொண்டிருந்த பெரியவர் தடுத்தார். தடுத்தவரே கடையை மீண்டும் திறந்தார். அவர் மனைவி அந்நேரத்தில் எண்மருக்குச் சோறும் பருப்பும் சம்பலும் ஆக்கினார். கடை விறாந்தையில் படுத்தோம். அவர்கள் சிங்களவர், எங்களுள் சிங்களம் நன்கறிந்தவன் இரத்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்த நண்பன் ஒருவனே. அவன் வாயிலாகவே எங்கள் நன்றியும் அவர்களது கேள்விகளும் இங்குமங்கும் சென்றன.

அப்பெரியவர் கேட்ட கேள்வியொன்று இன்றும் என் காதில் நிற்கின்றது. அவருடைய பழைய கடை இப்போது நீருக்கடியில் இருக்கின்றது. களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஆம் ஆண்டில் நீர் நிரப்பத் தொடங்கியபோது லக்கலையின் பழைய நகர் மூழ்கிற்று. மக்களுக்கெனப் புதிய நகரொன்று வேறிடத்தில் அமைக்கப்பட்டது. தாம் பிறந்த தெருவை விட்டு எந்நாள் எழ வேண்டும், எந்தக் கதவைக் கழற்ற வேண்டும், எந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவர் கேட்டார்: "ஓர் ஊரே நாள் குறித்துக்கொண்டு நகர்ந்தது, நீங்கள் எட்டுப்பேர் நாளும் குறிக்காமல், எண்ணெயும் ஊற்றாமல் நகர்ந்திருக்கிறீர்களே, மக்களே?" நண்பன் மொழிபெயர்த்தான். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் எரிபொருள் தேடியதில் நண்பகலாயிற்று. கையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தபோது பாசிக்குடா எட்டாக்கனியாயிற்று. கடல் காணப் புறப்பட்டோர் நீர்த்தேக்கம் கண்டு திரும்பினோம். இதுவரை கதை நகைச்சுவையே. விடுதியிலும் அவ்வாறே சொல்லிச் சிரித்தோம். நகைப்பு அடங்கியது அடுத்த மாதம், நண்பனின் வீட்டுக்கு ஒரு நாள் விருந்தாகச் சென்றபோது.

அவன் தாய் கொழுந்தெடுப்பவர். பயணக் கதையை நானே அவருக்குச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகனைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இந்தப் பக்கமாத்தானா போனீங்க?" லயத்துக்குக் கீழே செல்லும் பாதையால்தான் எங்கள் வான் பாட்டோடு போயிருந்தது. பிறகு என்னிடம் சொன்னார்: "ஒரு கிழமைக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன் தம்பி. ஐம்பத்தாறு வயசாகுது, கடல இன்னும் கண்ணால பாக்கல. திடீர்னு வான்னா எப்படி வாறது? பேர் போயிருமே."

தோட்டத்து மொழியில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு. காலைப் பிரட்டுக்கு நில்லாதவர்க்குப் பேரில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேரில்லாத நாளுக்குக் கூலியில்லை. நாட்கூலியை ஆயிரம் ரூபாவாக்க வேண்டுமென்ற கோரிக்கைக்காகப் பல்லாண்டு குரலெழுப்பியும் அத்தொகை வர்த்தமானியில் ஏறியது 2021 ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னர் தொகை உயர்ந்திருக்கலாம்; பேர் போனால் கூலி போகும் என்ற கணக்கு மாறவில்லை. நாங்கள் 'சுதந்திரம்' என்று பெயரிட்ட அந்த வெள்ளி மாலையை அத்தாய் தம் கணக்கில் எழுதினால், சனிக்கிழமைப் பேரின் இழப்பு என்றே எழுத வேண்டும். மாறாக, முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் ஒரு விடுமுறை நாளைப் பார்த்திருப்பார். சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருப்பார். அயல்வீட்டாரிடம் ஆட்டைப் பார்க்கச் சொல்லியிருப்பார். எவன் எதையும் முன்னே சொல்லாமல் புறப்படுகின்றானோ, அவன் முன்னே அறியாமல் வர இயலாதார் அனைவரையும் விலக்கிவிட்டே புறப்படுகின்றான். திடீர்ப் பயணம் திறந்த கதவு போலத் தோன்றும்; உண்மையில் அது பூட்டிய கதவு. திறவுகோல் எங்கள் சட்டைப்பையில் இருந்ததால் பூட்டு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதுவே என் முதல் வாதம். நினைத்தவுடன் எழுந்து செல்லும் ஆற்றல் ஒருவரது மனப்பாங்கைப் பொறுத்ததன்று. அவரது சமூக நிலையைப் பொறுத்தது. அதற்குக் கூலியோடு கூடிய ஓய்வு வேண்டும், ஊர்தி வேண்டும், வழியில் அச்சமின்மை வேண்டும், சட்டத்தின் முன் ஆளாக நிற்கும் உரிமை வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் வரலாற்றிலே போராடிப் பெறப்பட்டது. சிலர்க்கு இன்னும் பெறப்படாதது.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கை முழுவதும் சுதந்திரமாக நடமாடும் உரிமையை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. 'பிரசைக்கு' என்ற சொல்லை நோக்குக. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் பங்கீட்டுக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேறெந்நாட்டின் குடியுரிமையும் அற்றவராய் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தோர்க்கு அதே உறுப்புரை அவ்வுரிமைகளை அளித்தது. ஆனால் பத்தாண்டு காலத்துக்கு மட்டும். நடமாடும் உரிமைக்கும் தவணை! எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெறுதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. தாத்தாவுக்குத் தவணையில் கிடைத்த உரிமையைப் பேரன் கவிதையாக்கி, 'நடக்கத் தொடங்கு, வழி பிறக்கும்' என்று பாடுவானாயின், அவனை நான் குறைகூறேன். தாத்தாவை மறந்து பாடினால் குறைகூறுவேன்.

வடக்கிற் பிறந்த என் போன்றோரும் இவ்விடத்தில் ஒரு கணம் தலைகுனிதல் தகும். எனக்குக் கடல் புதிதன்று. வீட்டுப் படலையைத் திறந்தால் உப்புக் காற்று. ஆயினும் எங்கள் தலைமுறைக்கு முன்னோர் 'திடீர்' என்ற சொல்லை அறிந்தது வேறு பொருளில். ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதும் திறக்கப்பட்டதும் மீண்டும் 2006 ஆம் ஆண்டு ஆவணியில் மூடப்பட்டதும் அவர்களுக்கு வாழ்வு. அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடி, இறங்கி நடத்தல், ஏறி அமர்தல் என்று ஒவ்வொரு மைலும் முன்னேற்பாடு. போர் முடிந்து 2009 இன் பின்னரே அவ்வழி எங்களுக்கு வெறும் வழியாயிற்று. இத்தனை விரைவில் மறப்பதற்கு இளமை மட்டும் காரணமாகாது.

மலையக மக்கள் கடலைக் கடந்து வந்தவர்கள் என்பதும், அவர்தம் சந்ததியினரிற் பலர் கடலைக் காணாமலே மடிந்தனர் என்பதும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கன. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அந்த நெடுநடையை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. அதில் நடந்தோருள் நம் மாணவரும் இருந்திருக்கலாம். கடலிலிருந்து மலைக்கு வந்த வழி கட்டாயத்தின் வழி. மலையிலிருந்து கடலுக்குச் செல்லும் வழியாவது விருப்பத்தின் வழியாக அமைய வேண்டாமா? அந்த விருப்பத்துக்கு உரியோரை லயத்திலேயே விட்டுவிட்டு அவர் மகனை மட்டும் ஏற்றிச் சென்ற வான் எங்களுடையது.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். திட்டமிடுதல் அதிகாரிகளின் குணம். வாழ்வு முழுவதும் நேர அட்டவணைக்குள் நசுங்கும் மனிதனுக்கு இரண்டு நாளாவது அட்டவணையற்று இருக்க வேண்டாமா? மேலைநாட்டு இளைஞர் இவ்வாறன்றோ கடற்கரைக்குப் போகின்றனர்? இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் பின்பாதி வரலாறறியாதது. ஆங்கிலேயரின் கடற்கரை விடுமுறையையே ஆராய்வோம். 1841 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் புகைவண்டி ஓடும்வரை, கடற்கரை வாசம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1846 இல் புகைவண்டி பிளாக்பூலைத் தொட்டது. லங்காஷயர் பருத்தியாலைத் தொழிலாளர் கடல் கண்டது எவ்வாறு? ஒவ்வோர் ஆலை நகரமும் தனக்கென ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டது. அக்கிழமையில் ஆலைகள் யாவும் ஒருசேர நின்றன. ஊரே திரண்டு கடற்கரைக்குப் போயிற்று. அந்த ஒரு கிழமைக்காக ஆண்டு முழுவதும் வாராவாரம் சில பென்சுகளைச் சேமிப்புக் கழகத்தில் இட்டனர். நம்மவர் வழக்கில் சொன்னால் சீட்டுப் பிடித்தனர். வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது 1871 இல். கூலியோடு விடுமுறை என்ற சட்டம் வந்ததோ 1938 இல். ஆகவே இன்று ஓர் ஆங்கில இளைஞன் சனிக்கிழமை எழுந்து 'கடலுக்குப் போவோமா?' என்று கேட்கும் அலட்சியத்தின் அடியில், ஒரு நூற்றாண்டுக் காலம் சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டிய தொழிலாளரின் கணக்கு இருக்கின்றது. கனியை மட்டும் கண்டு, வேரைக் காணாது, 'மரம் நடாமலே பழம் தின்னலாம்' என்பது எவ்வகை அறிவு?

மேல்நாடு வரை செல்வானேன்? நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகையே உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுகின்றான். எந்த நிலத்தில் யார் வாழ்வர், என்ன உணவு அளிப்பர், எங்கே தங்கலாம் என்றெல்லாம் விரித்துரைக்கின்றான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்கள் முறையாக வருகின்றன. மலைபடுகடாமோ மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எச்சரிக்கின்றது. அக்கூத்தரும் பாணரும் கலைஞர் அல்லரோ? அவர்கள் பாட்டில் வியப்புக் குறைந்ததோ? வழியறிந்து சென்றமையால் குறிஞ்சியின் அழகு மங்கிற்றோ? அறிந்தவன் அறியாதவனுக்கு, உடையவன் இல்லாதவனுக்கு வழியை முன்கூட்டிச் சொல்லும் அறமே அவ்விலக்கிய வகையின் உயிர். 'வழி தானே சொல்லும்' என்ற எங்கள் சுலோகம் தமிழ் மரபில் எங்கும் இல்லை. வழி சொல்லாது, வழியைக் கடந்த மனிதன் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பல்லேகமவில் அக்கடைக்காரர் சொன்னார்.

அவரிடமிருந்தே என் இரண்டாவது வாதம் பிறக்கின்றது. திட்டமில்லாப் பயணம் என்று ஒன்று உலகில் இல்லை. திட்டத்தை வேறொருவர் தலையில் ஏற்றும் பயணமே உண்டு. நாங்கள் எண்ணாத இராச்சோற்றை அவர் மனைவி எண்ணினார். எங்களுக்கெனத் திட்டமிடப்படாத அரிசி, அவ்வீட்டின் மறுநாளுக்கெனத் திட்டமிடப்பட்ட அரிசி. பணம் கொடுத்தோம், அவர் முதலில் மறுத்தார். பணத்தால் ஈடாவது அரிசியே அன்றி, இரவு பத்து மணிக்கு அடுப்பை மீண்டும் மூட்டிய கை அன்று. 'முன்பின் தெரியாதவரின் விருந்தோம்பலே பயணத்தின் இன்பம்' என்று இதையே சிலர் கவிதையாக்குவர். விருந்தோம்பல் ஏழையின் பண்பு. அதை எதிர்பார்த்துப் புறப்படுதல் நம் பண்பன்று.

இயற்கைக்கும் நம் கவிதை தெரியாது. கிழக்குக் கரையில் வைகாசி முதல் புரட்டாசி வரை அமைதியாய்க் கிடக்கும் கடல், வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தபின் வேறு கடல். நக்கிள்ஸ் தொடரின் மேற்கே வெயில் அடிக்கும் நாளில் கிழக்கே மழை பொழியலாம். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டில் விளைத்த மண்சரிவுகளைக் கண்டபின்னும், மலைப்பாதையின் நிலையை விசாரிக்காது புறப்படுவதை வீரமென்று சொல்வாருளரோ? 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியையும் மறப்பதற்கில்லை. ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கீட்டு முறை வந்த அந்நாளில், இந்நாட்டில் ஊர்தியுடையோர் அனைவரும் ஓரிரவில் கணக்கராயினர். ஊர்தியற்றோர் என்றுமே கணக்கரே என்பதை அன்றாவது அவர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். 2023 செப்டெம்பரில் பங்கீடு நீங்கிற்று; அதனோடு அந்த உணர்வும் நீங்கிற்று போலும்.

அப்படியாயின் இன்பத்துக்கு இடமே இல்லையா என்று நண்பர் கேட்பார். நிறைய உண்டு. நாளையும் வழியையும் எரிபொருளையும் உணவையும் குறித்துக்கொண்டவனுக்கே மூடுபனியை நின்று பார்க்க நேரமிருக்கும். நாங்கள் ரிவஸ்டனில் பனியைப் பார்த்தோமா, எரிபொருள் முள்ளைப் பார்த்தோமா? உண்மையைச் சொன்னால், முள்ளைத்தான் பார்த்தோம். எதிர்பாராதவை திட்டமிட்டவர்க்கும் நேரும். ஆயின் அவர்க்கு அது வியப்பு, திட்டமிடாதவர்க்கு விபத்து.

ஆகவே இம்மன்றத்தின் முன் ஒரு முன்மொழிவை வைக்கின்றேன். அடுத்த ஆண்டு வைகாசி அல்லது ஆனி மாதத்தில், தோட்டத்தில் வேலையில்லாத ஒரு ஞாயிறை இப்போதே குறிப்போம். மாதாமாதம் சிறுதொகை இட்டு ஒரு சீட்டுப் பிடிப்போம். ஒரு பேருந்தை ஒழுங்குசெய்வோம். அதில் ஆசனங்களிற் பாதி நம் மாணவர்க்கு, பாதி அவர்தம் தாய் தந்தையர்க்கு. சனி மாலை பேர் விழுந்தபின் இரத்தோட்டையிலிருந்து புறப்பட்டு, மாத்தளைக்கு இறங்கி, நெடுஞ்சாலை வழியே சென்று, ஞாயிறு விடியலில் கடலை அடைந்து, பிற்பகலே திரும்பினால் திங்கட்காலைப் பிரட்டுக்கு எவருடைய பேரும் போகாது. ரிவஸ்டன் வழி வேண்டுமென்போர் பிறிதொரு நாள் பகலில் போகட்டும். போகும்போது பல்லேகமக் கடைக்காரருக்கு முன்னறிவித்துவிட்டுப் போகட்டும்.

இதைக் கேட்டு 'இதில் கவிதை எங்கே?' என்று எவரேனும் வினவுவாராயின் அவர்க்கு என் விடை இதுவே. கடலுக்கு ஒரு முழு நாள் தொலைவுமில்லாத மலையில் ஐம்பத்தாறு ஆண்டு வாழ்ந்தும் அதைக் காணாத ஒரு தாய், தம் மகனோடு முதன்முறை அதன் முன் நிற்கப்போகின்றார். அந்நாளை நாம் தற்செயலுக்கு விட்டுவைக்கலாகாது. இதுவரை தற்செயலுக்கு விட்டதனாலேயே அவர் காணாதிருக்கின்றார். நாளைக் குறியுங்கள், தோழர்களே. முதலாம் மாதச் சீட்டுப் பணத்தை நான் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.